ஆறடி இஸ்தோப்பு

அந்தப் படத்துக்கு அடியில் அச்சிட்டிருந்த இரண்டு வரிகளும் நான் எழுதியவை. அதைச் சட்டென்று கண்டுபிடித்தவர் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அக்கா.

கோயிலை ஒட்டியிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் அன்று காலையில்தான் படத்தை மாட்டியிருந்தார்கள். முன்பள்ளி முடிந்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனபோது, வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதி அங்கே நின்றது. ரோட்டுக்கு மேல் பக்கம் எங்களுக்காகக் கட்டப்போகிற பன்னிரண்டு வீடுகளின் வண்ணப் படம். கரும்பச்சைத் தகரக் கூரை, கருங்கல் அடித்தளம், மரச் சட்டம் போட்ட சின்னச் சன்னல்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, ஒரே நீளமாக ஓர் இஸ்தோப்பு. வீட்டுக்கு முன்னால் கூரையைத் தாழ்வாக நீட்டி, தூண் கொடுத்து விட்டிருக்கும் இடத்தைத்தான் நாங்கள் இஸ்தோப்பு என்போம். படத்தில் அந்த இஸ்தோப்பில் ஒரு பெண் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்தில் கூடை முடையத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, படத்துக்கு அடியில் இருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"இஸ்தோப்பு எங்கள் வாழ்க்கையின் திறந்த பக்கம். அங்கேதான் எங்கள் உறவுகள் ஒன்றுகூடுகின்றன." திரும்பி என்னைப் பார்த்தார். "டீச்சர், இது உங்க எழுத்துதானே? இவ்ளோ அழகா இங்க வேற யாரும் பேச மாட்டாங்களே."

"ஆமாங்க அக்கா. வீட்டுக்குன்னு குடுத்த அந்தக் கேள்விப் பாரத்துல எழுதினது."

"அது சரி. யாரு வாழ்க்கைங்க இது? நீங்களே இஸ்தோப்புல தகரம் அடிச்சுத்தானே பாப்பாவப் படுக்க வச்சிருக்கீங்க? திறந்த பக்கமாம்ல, திறந்த பக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே படத்தில் நான்காவது வீட்டைத் தேடினேன். குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது அதுதான். அதன் முன்னறைச் சன்னல், கூரையின் நிழலுக்குள் கறுப்பாக ஒரு சதுரமாகத் தெரிந்தது. மற்றப் பதினொரு சன்னல்களும் அப்படித்தான் இருந்தன. வரைந்தவரே நிழலைச் சரியாக வரைந்திருந்தார்.

என் மகளுக்கு இரண்டரை வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. எங்கள் காம்பரா ரோட்டுக்குக் கீழ்ப் பக்கத்துக் கருங்கல் லயத்தில் இருக்கிறது. ஓர் உள்ளறை, அதற்குள்ளேயே அடுப்பு, முன்னால் மேற்குப் பார்த்த இஸ்தோப்பு. என் மாமனார் காலத்திலேயே அந்த இஸ்தோப்பைத் தகரமும் பலகையும் அடித்து அறையாக்கிவிட்டார்கள். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் எத்தனை காலம் இருக்க முடியும்? அடுப்புப் புகை ஆகாது என்பதால் மகளை அந்தத் தகர அறையில் படுக்க வைக்கிறோம். அங்கே புகை வராது, ஈரம் வரும். மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்து பார்த்தால் தகரத்தின் உள்பக்கம் முழுவதும் நீர் கோத்திருக்கும். போர்வையைத் தொட்டால் துவைத்து இன்னும் காயாத துணி மாதிரி இருக்கும். மேற்குப் பார்த்த வீடு என்பதால் வெயில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வர வேண்டும். அதற்குள் மூட்டம் வந்து மூடிவிடும்.

கடைசியாக டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கும்போது அவள் என் விரலை விடவே மாட்டாள். அங்கே இருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை படுக்கிற அறைக்குக் காலமை வெயில் வருதோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்."

"சுவரெல்லாம் ஈரமோ?"

"ஆமாங்க."

"அப்ப நான் மருந்து தந்து கொண்டே இருக்க வேண்டியதுதான். வெயில் படுற அறையாப் பாருங்கோ, அம்மா."

ஏதோ நாளைக்கே கடையில் வாங்கி வந்துவிடலாம் என்பதுபோல் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வாரமே வீட்டுக் குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்தபோது, அந்த அறை உண்மையிலேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். புதிய வீடுகள் ரோட்டுக்கு மேல் பக்கம், கிழக்குப் பார்த்து வருகின்றன. எங்களுக்கு விழுந்த இடத்தில் நானும் மகளும் எத்தனையோ காலை போய் நின்றிருக்கிறோம். எதிர் மலையைத் தாண்டி எட்டே காலுக்கு வெயில் வந்து அவள் தொப்பி மேல் விழும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் கட்டுகிற எதுவும் பக்கத்தில் இருக்கும் பழையவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கந்தப்பளையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு, நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி பஸ் மாறிப் போவேன். வழியில் ஒரு கடைத்தெரு. பலகைக் கதவும் தகரக் கூரையுமாக ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய கடைகள். போன தடவை போனபோது அவற்றின் நடுவில் ஐந்து மாடியில் நீலக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. அதன் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாகப் பக்கத்துக் கடையின் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கார நானா எனக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தபடியே மேலே காட்டினார். "பாத்தீங்களா தங்கச்சி, அவங்களுக்கு மாடி, எங்களுக்கு மழை." பஸ்ஸில் ஏறிய பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு தெருவில் வந்து குடியேறுகிற கட்டடம் பக்கத்து வீட்டை ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா?

ஆகவே, புதிய வீடுகள் எங்கள் ரோட்டோடு பொருந்தி வர வேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த மிஸ் சொன்னபோது, கூட்டத்தில் முதலில் தலையாட்டியவள் நான்தான். வீடுகளுக்குப் படம் போடுகிறவர் அவர். எங்கள் ரோடு கோயில் வளைவில் தொடங்கி ஸ்டோர் வரை போகிறது. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கீழ்ப் பக்கம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கருங்கல் லயம். மேல் பக்கம் பழைய ஆபீஸும், முன்பு எழுத்தர் குடியிருந்து, இப்போது பூட்டிக் கிடக்கும் கிளாக்கர் வீடும். அதற்கும் மேலே, குன்றின் மேல், துரை பங்களா. பங்களாவை வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஹோட்டலாக்கி சில வருடங்கள் ஆகின்றன. அவர்களுடைய வேன்கள் எங்கள் ரோட்டால்தான் ஏறிப் போகும். இந்த ரோட்டின் பழைய தோற்றம் கெடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வீட்டுக்கு இடம் கிடைத்தது.

மிஸ் நல்லவர். பன்னிரண்டு குடும்பத்துக்கும் தமிழில் அச்சடித்த பாரம் கொண்டுவந்திருந்தார். அதில் மூன்றாவது கேள்வி இது: "உங்கள் வீதியின் பழைய தோற்றத்தில் நீங்கள் பாதுகாக்க விரும்புவது என்ன?" கீழே ஐந்து வெற்றுக் கோடுகள்.

"எனக்குப் பாதுகாக்க என்னாங்க இருக்கு, கேஸ் சிலிண்டரத் தவிர?" என்றார் அக்கா. "டீச்சரே எல்லாருக்கும் சேத்து எழுதிருங்க."

எல்லோரும் பாரத்தை என் மடியில் போட்டார்கள். நான் முன்பள்ளி ஆசிரியை, உயர்தரம் படித்தவள். இந்த மாதிரி வேலைகள் வந்தால் மறுக்கத் தெரியாது. ஸ்டோர் வாசலில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. எங்கள் லயத்தின் இஸ்தோப்பு அதில் அடைபடாமல், தூண் தூணாக, நீளமாகத் தெரியும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன். திறந்த இஸ்தோப்பை நான் என் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்த தோட்டத்திலும் இல்லை, வாழ வந்த தோட்டத்திலும் இல்லை. ஆனால் கேள்வியைக் கண்டதும் கை தானாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பழகிய கை அது. கேட்பவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து, அதற்கு ஒரு அழகான முதல் வாக்கியம் தேடும். என் கொப்பிகளில் "நல்ல நடை" என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது என் பிள்ளை பின்னால் தகர அறையில் மூச்சு இழுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அது கேள்விக்குப் பதில் இல்லை என்று நினைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயந்தரம் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். எதையும் ஆணி, தகரம், சிமெண்ட் என்றுதான் யோசிப்பார்.

"அது வெறும் படம்தானே? சாவி கைக்கு வரட்டும். நமக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கலாம், அடச்சிக்கலாம்."

"முடியாதுங்க. படத்துக்குப் பக்கத்துல நிபந்தனை ஒட்டியிருக்கு. இஸ்தோப்ப அடைக்கக் கூடாது, கூரையில கை வைக்கக் கூடாது."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"தினம் பத்து வேன் போகுது. எல்லாரும்தான் பாப்பாங்க."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப சன்னலுக்கு நேரா மேல, கூரையில ஒரு கண்ணாடித் தகரம் போடச் சொல்லிக் கேளு. வெளிச்சமாவது வரும்."

"வெளிச்சமில்லைங்க, வெயில் வேணும்."

"இந்தா புள்ள, வெயில் வராதுன்னு நீயே ஏன் முடிவு பண்ற? பாத்தியா?"

பார்க்கவில்லைதான். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். வீடு வரப்போகிற இடத்தில் முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள். சுவர் வரும் கோட்டில் முன்பள்ளிக் கரும்பலகையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சன்னலின் அடிப்பக்கம் தரையிலிருந்து மூன்றடி என்று படத்தில் இருந்தது. அந்த உயரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன். படத்தில் இருந்த இஸ்தோப்பு அளவுப்படி அங்கிருந்து ஆறடி முன்னால் கம்பு நட்டு, ஆறரை அடி உயரத்தில் கூரைக்குப் பதிலாகக் கணவர் தறப்பாலை இழுத்துக் கட்டினார். மகள் உள்ளே புகுந்து வீடு வீடு என்று ஓடினாள்.

கீழே லயத்து வாசலில் நின்ற அக்காவுக்கு இது பெரிய விருந்து.

"டீச்சர்! கடை போடுறீங்களா? வடை எத்தன மணிக்கு?"

"வெயில் வருதான்னு பாக்குறோங்க அக்கா."

"வெயிலையும் இப்ப சோதிச்சுத்தான் வாங்குறீங்களா?" என்று சொல்லிச் சிரித்தாலும், கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே ஏறி வந்தார். படத்தில் ஐந்தாவது வீடு அவருடையது.

எட்டே காலுக்கு மலையைத் தாண்டி வெயில் வந்தது. தரையில் விழுந்தது, பலகையின் கீழ்ப் பாதியில் ஏறியது, சாக்கட்டிக் கோட்டுக்கு அடியில் நின்றது. அது கோட்டைத் தாண்டவில்லை. சூரியன் ஏற ஏற, தறப்பாலின் நிழல் பலகையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் ஒரு நிமிடம்கூடப் படவில்லை. எட்டே முக்காலுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டடி அளவுதான் மிச்சம்.

கணவர் தறப்பாலை அவிழ்க்கத் தொடங்கினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திரும்பியபோதுதான், அதே மேல் பக்கத்தில் நாற்பது அடி தள்ளியிருக்கும் கிளாக்கர் வீடு கண்ணில் பட்டது. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டின் சன்னல் கண்ணாடியில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பழைய வீடு. எங்கள் லயம் கட்டிய காலத்திலேயே கட்டியது. அதே தகரம், அதே கருங்கல், அதற்கும் ஓர் இஸ்தோப்பு.

முன்பள்ளி டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலடி.

லயத்துக்குக் கீழே இறங்கி எங்கள் இஸ்தோப்பை அளந்தேன். ஆறடி.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் பெரிய மழை மேற்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும். மேற்குப் பார்த்த லயத்துக்கு ஆறடி கூரை இல்லாவிட்டால் மழை நேராக உள்ளறைக்கு வந்துவிடும். கிழக்குப் பார்த்த கிளாக்கர் வீட்டுக்கு அந்த மழை முதுகில்தான் விழும். முன்னால் நாலடி போதும், வெயிலும் வரும். பழைய ஆட்கள் ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கட்ட வந்தவர்கள் கீழ்ப் பக்கத்து அளவை எடுத்து மேல் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படி வைக்கச் சொன்னவள் நான். லயத்து இஸ்தோப்புதான் எங்கள் உயிர் என்று எழுதிக் கொடுத்தவள்.

தலைவரிடம் போனேன். தோட்டத்துச் சங்கத் தலைவர். இந்த வீடுகளுக்காகப் பல வருடம் அலைந்தவர். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தாங்க டீச்சர் இருக்கும். ஆனா படம் பாஸாகி வந்துருச்சு. இப்பப் போயி ஒண்ணு சொன்னா, தோட்டத்து ஆளுங்களுக்கு எதக் குடுத்தாலும் நொட்ட சொல்றாங்கன்னு பேரு வரும். வேற தோட்டத்துக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. பன்னண்டு குடும்பம் உங்க மூஞ்சியப் பாக்கும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். என் பிள்ளைக்கு வெயில் கேட்கப் போய் மற்றப் பிள்ளைகளின் வீட்டைக் கெடுத்துவிட்டால்? கேட்காமல் விட்டு, புதிய வீட்டிலும் அவளுக்கு இழுப்பு வந்தால்? ஒரு நாள் பேசலாம் என்று முடிவெடுப்பேன், மறுநாள் பேசாமல் இருப்பதே ஒழுங்கு என்று தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு நாளெல்லாம் எரிச்சல். முன்பள்ளியில் ஒரு குழந்தை வீடு வரைந்து கறுப்புச் சன்னல் வைத்ததற்காக, மஞ்சள் அடி என்று அதட்டிவிட்டேன். பாவம், அது மஞ்சள் பென்சில் இல்லை என்று சொல்லி அழுதது.

மண்டபத்தில் கூட்டம் நடந்த அன்று நல்ல மழை. மிஸ் வந்திருந்தார். பங்களா ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளும் முகாமையாளரும் வந்திருந்தார். நான் சிங்களத்தில் பேச வேண்டியதைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எழுந்து நின்றதும் முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாம் போய்விட்டது.

முதலில் கண்ணாடித் தகரத்தைப் பற்றிக் கேட்டேன். மிஸ் பதில் சொல்வதற்கு முன்பே முகாமையாளர் தலையசைத்தார். பங்களா புல்தரையிலிருந்து பயணிகள் பார்ப்பது இந்தக் கூரைகளைத்தான் என்றார். பன்னிரண்டு கண்ணாடித் தகரமும் வெயிலில் மின்னினால் காட்சி கெட்டுப்போகும். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த ரோட்டின் தோற்றம் என்று அவர்கள் சொன்னது ரோட்டில் நிற்பவருக்கு மட்டும் உரியதில்லை. மேலிருந்து பார்ப்பவருக்கும் உரியது. சன்னலுக்கு உள்ளே படுத்திருப்பவரை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மிஸ் என்னிடம் மென்மையாகத்தான் பேசினார். "ஆனால் இஸ்தோப்பு உங்கள் ஆட்களின் விருப்பம்தானே? நீங்களே எழுதியிருந்தீர்களே." பையிலிருந்து பாரத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. வரிக்கு வரி நேராக, தலைப்பின் கீழே அடிக்கோடு போட்டு.

தலைவர் என்னைப் பார்த்தார். உட்காருங்க என்று அவர் கண் சொன்னது.

"அத நான்தான் எழுதினேன், மிஸ்," என்றேன். சிங்களமும் தமிழும் கலந்துதான் வந்தது. "இவங்க யாரும் அப்படிச் சொல்லல்ல. நான் திறந்த இஸ்தோப்பையே பாத்ததில்ல. ஸ்டோர் வாசல்ல மாட்டியிருக்கிற போட்டோவப் பாத்து எழுதினேன்."

மிஸ் பாரத்தை மடித்தார்.

"அப்படியானால் ஏன் எழுதினீர்கள்?"

"நீங்க கேள்வி கேட்டீங்க. எது நல்ல பதிலுன்னு யோசிச்சு எழுதிட்டேன். பரீட்சைக்கு எழுதுற மாதிரி."

பின்னாலிருந்து அக்கா, "பாஸும் பண்ணிட்டாங்க!" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேச முடிந்தது. தகரமும் கருங்கல்லும் பச்சை நிறமும் இருக்கட்டும், கதவு ரோட்டைப் பார்க்கட்டும், எல்லாம் எங்களுக்குச் சம்மதம் என்றேன். ஆனால் மேல் பக்கத்து வீடு மேல் பக்கத்து வீட்டைப் போல இருக்கட்டும். கிளாக்கர் வீட்டு இஸ்தோப்பு நாலடி. மழை எங்கிருந்து அடிக்கும், வெயில் எப்போது வரும், கரும்பலகையில் நாங்கள் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்கு இழுப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்கிறேன் என்று நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். அதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தேன்.

மிஸ் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் கதவருகே நின்று பார்த்தோம். மழையில் கிளாக்கர் வீட்டின் முன்னால் குனிந்து டேப் பிடித்தார். பிறகு சுவரில் கை வைத்துப் பார்த்தார். மேற்கிலிருந்து அடித்த அந்த மழையில் முன்சுவர் காய்ந்துதான் இருந்திருக்கும். திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசிப் பார்க்கிறேன். படத்தை மாற்றினால் மறுபடி அனுமதி எடுக்க வேண்டும். தாமதமாகும்," என்றார். எனக்குப் புதிய பாரம் ஒன்று கொடுத்தார். மூன்றாவது கேள்வி அப்படியே இருந்தது.

இந்தத் தடவை ஒரு வரிதான் எழுதினேன். முன்னறைச் சன்னலுக்குக் காலையில் வருகிற வெயில்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. முளைகளில் கட்டிய நூல் அறுந்து, புல் மூடிவிட்டது. தலைவர் என்னைக் கண்டால் அவசரமாக யாருக்கோ போன் பேசத் தொடங்குவார். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருவர் நேராகவே கேட்டார்: "டீச்சர், இந்த மழைக்குள்ள போயிருவோம்னு இருந்தோம். இனி எப்ப?" அக்கா மட்டும் வழக்கம்போல் வாயாடினார். ஆனால் அவரும் ஒரு நாள், "எனக்கு இருட்டு வீடுன்னாலும் பரவால்லீங்க டீச்சர், இந்த லயத்த விட்டுப் போனா சரி," என்றார். அதில் விளையாட்டு இல்லை. அந்த வாரம் மகளை மறுபடி டிக்கோயாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ்ஸில் அவள் நெஞ்சு என் கைக்குள் விசில் ஊதுவதுபோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் சுவர் எழும்பியிருக்கும், ஈரமில்லாத சுவராவது கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். முன்பே பேசியிருந்தால் தாமதமே இருந்திருக்காது என்றும் நினைத்தேன். பாரத்தில் முதல் தடவையே உண்மையை எழுதியிருந்தால் இதெல்லாம் வேண்டாம் என்றும் நினைத்தேன். மூன்றுமே சரி. அதுதான் எரிச்சல்.

போன புதன்கிழமை முன்பள்ளிக்குப் போகும் வழியில், சுவர் கட்ட வந்த மேசன் பாஸ் புல்லைச் செதுக்கிப் புதிதாக நூல் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மகளை இறக்கிவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்தேன். அதை நான் இப்போது குடை மாதிரி எப்போதும் வைத்திருக்கிறேன்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டார் பாஸ்.

"அளந்து பார்க்கலாமா?"

"பாருங்கள். புது அளவு. பழையதைவிடக் குறைத்துவிட்டார்கள், ஏனோ தெரியவில்லை."

சுவர்க் கோட்டிலிருந்து தூண் கோட்டுக்கு நாலடி. மறுபடி அளந்தேன். நாலடிதான்.

எட்டே கால் ஆகியிருந்தது. வெயில் மலையைத் தாண்டி வந்தது. இன்று தறப்பால் இல்லை, பலகை இல்லை. ஆனால் கூட்டத்துக்கு முன்பே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நாலடியில் கம்பை மாற்றி நட்டு நாங்கள் பார்த்திருந்தோம். நாலடி என்றால் வெயில் சன்னலின் அடிக்கோட்டுக்கு மேலே ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடவே ஏறும். ஒன்பது மணிக்கு இறங்கிவிடும். முக்கால் மணி நேரம்.

பீலியிலிருந்து குடத்தோடு வந்த அக்கா நின்றார். டேப்பையும் என் முகத்தையும் பார்த்தார்.

"என்னாங்க, குறைச்சிட்டாங்களா?"

"நாலடிங்க அக்கா."

"எவ்ளோ நேரம் வரும்?"

"முக்கா மணி நேரம்."

"முக்கா மணி நேர வெயிலுக்கா ரெண்டு மாசம் எங்கள வதச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நூலைத் தாண்டி ஐந்தாவது வீட்டுக்குள் போய், சன்னல் வரப்போகிற இடத்தில் நின்று முகத்தைக் கிழக்கே திருப்பினார். "சரி, பரவால்ல. தல காய வைக்கலாம்."

நான் நான்காவது வீட்டில் மகளைக் கரும்பலகை இருந்த இடத்தில் நிறுத்தினேன். வெயில் அவள் நெஞ்சில் பட்டது. இஸ்தோப்பு மூன்றடி போதும் என்று கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்குமே என்று நினைத்துக்கொண்டே, ஒன்பது மணி வரை அங்கேயே நின்றேன். முன்பள்ளிக்கு அன்று பிந்தித்தான் போனேன்.